காசு கொடுத்து டம்மி

பொறுமைக்கு விலை ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம். ரயில் செலவு தனி. முதல் பரிசு வாங்கித் தந்தால் மேற்கொண்டு இரண்டாயிரம். இருபத்தாறு வருஷமாக ஜட்ஜ் இந்த ஒரே சரக்கைத்தான் விற்றுவந்தார். கோர்ட்டுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் எதிரே இருப்பவருக்குக் கூசாமல் தீர்ப்பு வாசிப்பார். கிளப்பில் யாரோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது.

பிரிட்ஜ் நாலு பேர் ஆடும் சீட்டாட்டம். எதிரெதிரே உட்காரும் இரண்டு பேர் ஒரு கட்சி. பணம் நிறைய இருந்து மூளை மட்டாக இருப்பவர்கள், மூளை நிறைய இருந்து பணம் மட்டாக இருப்பவரை எதிர் நாற்காலிக்கு வாடகைக்கு எடுப்பார்கள். கோப்பை கிடைத்தால் வரவேற்பறை அலமாரியில் முதலாளி பெயரில் நிற்கும். கிடைக்காவிட்டால் தப்பு வாடகைக்கு வந்தவருடையது.

குடிநீர் வாரியத்தில் குமாஸ்தாவாக இருந்த ஜட்ஜ், வேலையை உதறிவிட்டு இதில் இறங்கியபோது மாமனார் நேரில் வந்து விசாரித்தார்.

"மாப்ளே, இது சம்பளமா, சூதா?"

"பிரிட்ஜ் சம்பளம் மாமா. பேக்கேமன் சூது."

"ரெண்டையும் சேத்தா?"

"தொழில்."

மறுவாரம் மாமனார் மகளுக்கு ஒரு தையல் மிஷின் வாங்கி அனுப்பினார். அந்த மிஷின்தான் பல மாதம் வாடகை கட்டியது என்பதை ஜட்ஜ் எந்தக் கச்சேரியிலும் சொன்னதில்லை.

அவருடைய தொழில் ரகசியம் ரொம்பச் சுருக்கம்: முதலாளியை ஆட விடாதே. பிரிட்ஜில் முதலில், எது துருப்பு, எத்தனை பிடி என்று ஏலம் நடக்கும்; நாலு பேரும் ஆளுக்கொரு சீட்டுப் போடும் சுற்று ஒரு பிடி. ஏலத்தை எடுத்த கட்சியில், அந்தத் துருப்பை, அல்லது துருப்பே வேண்டாம் என்பதை, முதலில் சொன்னவர்தான் ஆடுவார். இன்னொருவர் தன் பதின்மூன்று சீட்டையும் மேஜைமேல் மல்லாத்தி வைத்துவிட்டு, கேட்ட சீட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அவருக்குப் பெயர் டம்மி. ஜட்ஜ் எப்படியாவது ஏலத்தை வளைத்துத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். பல் டாக்டர், மரக்கடைக்காரர், இரண்டு கல்யாண மண்டபங்களின் சொந்தக்காரர் என்று வரிசையாக எத்தனையோ பேர் அவருக்குப் பணம் கொடுத்து வருஷக்கணக்கில் டம்மியாக உட்கார்ந்திருந்தார்கள். காபி குடித்தார்கள். ஜெயித்தால் "ஆடினோம் பாருங்க!" என்றார்கள். ஜட்ஜ் அவர்களை மனசார இகழ்ந்தார். அந்த இகழ்ச்சிக்கும் சேர்த்துத்தான் கட்டணம் என்று நினைத்துக்கொண்டார்.

கடைசியாக மாட்டியவர் டைல்ஸ்காரர். தரைக்கும் சுவருக்கும் டைல்ஸ் விற்று மூன்று கடை போட்டவர். கைக்கு அடக்கமான ஆள், கணீரென்ற குரல். இரண்டு வருஷம் பேசாமல் டம்மியாக இருந்தார். மூன்றாம் வருஷ ஒப்பந்தம் அப்போது நடந்த நாலு நாள் போட்டி முடிந்ததும் கையெழுத்தாக வேண்டும். வேறு முதலாளி யாரும் ஜட்ஜுக்குக் கண்ணில் தென்படவில்லை. பசங்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் கற்றுக்கொண்டு பாதி விலைக்கு வருகிறார்கள். இந்தக் கையெழுத்து விழாவிட்டால் அடுத்த வருஷம் தையல் மிஷின்தான்.

நாலாம் நாள் டைல்ஸ்காரரின் மனைவி வேடிக்கை பார்க்க வந்து கணவருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவர்கள் கட்சி ஏலம் எடுத்தது ஒன்பது ஆட்டம். ஒன்பதிலும் அவர் சீட்டை மல்லாத்தி வைத்தார்.

"ஏங்க," என்றாள், குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு. "நீங்க எப்ப ஆடுவீங்க?"

பக்கத்து மேஜையில் ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார்.

இடைவேளையில் டைல்ஸ்காரர் ஜட்ஜைக் காபி மிஷின் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"சார், ஒரே ஒரு கை. என்னை ஆட விடுங்க. வீட்டுக்காரி பாக்கறா."

"சீட்டு வரணும்ல?"

"வந்தா?"

"வந்தா பாக்கலாம்."

வந்தது. இறுதிச்சுற்றின் கடைசி ஆட்டம். இரண்டு கட்சியும் கிட்டத்தட்டச் சமம். இதை எடுத்தவருக்குக் கோப்பை. டைல்ஸ்காரர் சீட்டைப் பிரித்துப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். இஸ்பேடில் ராஜா ராணி பரிவாரத்தோடு ஆறு. "ஒரு இஸ்பேட்," என்று ஏலத்தைத் தொடங்கினார். குரலில் கடை திறக்கும் சத்தம்.

ஜட்ஜ் கையிலும் மூன்று இஸ்பேட் இருந்தது. ஆட்டினும் டைமண்டும் கனமாக இருந்தன. கிளாவரில் மட்டும் மூன்று சில்லறை. "நாலு இஸ்பேட்" என்று சொல்லிவிட்டு டம்மியாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தால், டைல்ஸ்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டே அதற்கு வேண்டிய பத்துப் பிடியையும் பிடித்திருப்பார். இது ஜட்ஜுக்கும் தெரியும். ஆனால் கோப்பை தொங்குகிற நேரத்தில் இந்தத் தரை வியாபாரி கையில் சீட்டைக் கொடுப்பதா? இருபத்தாறு வருஷப் பழக்கம் வாயில் வந்து உட்கார்ந்தது.

"மூணு, துருப்பு இல்லாம," என்றார் ஜட்ஜ்.

ஆட்டம் அவருடையதாகிவிட்டது. பதின்மூன்று பிடியில் ஒன்பது பிடித்தால் போதும். டைல்ஸ்காரர் பத்தாவது தடவையாகச் சீட்டை மல்லாத்தி வைத்தார். ஆறு இஸ்பேடும் பளபளவென்று வரிசையில் நின்றன. கிளாவர் ஒன்றே ஒன்று, அதுவும் சோனி.

ஜட்ஜுக்கு இடதுபக்கம் எதிர்க்கட்சியில் இருந்த கண்ணாடிக்காரி, வங்கியில் வேலை பார்ப்பவள், கிளாவர் ஏஸை வைத்தாள். அடுத்து ராஜா. ராணி. ஜாக்கி. பத்து. அவசரமே இல்லாமல், துணியை மடித்து வைப்பதுபோல ஒவ்வொன்றாக வைத்தாள். துருப்பு என்று ஒன்று இருந்தால் இரண்டாவது சீட்டிலேயே வெட்டியிருக்கலாம். இல்லாததால் ஜட்ஜ் ஒவ்வொரு முறையும், "டைமண்ட் போடுங்க... ஆட்டின்... இன்னொரு ஆட்டின்..." என்று சொல்ல, டைல்ஸ்காரர் கேட்டதை எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். அஞ்சு பிடி அந்தப் பக்கம் போயிற்று. மிச்சம் எட்டுத்தான். கோப்பையும் அந்தப் பக்கம் போயிற்று.

"ஏங்க, அந்த ஆறு கறுப்புச் சீட்டு எதுக்கு?" என்றாள் மனைவி.

"சும்மா, அழகுக்கு," என்றார் டைல்ஸ்காரர்.

ஜட்ஜ் தீர்ப்பு வாசித்தார்: "கிளாவர் ஒண்ணுதான்னு ஏலத்துல நீங்க காட்டியிருக்கணும்."

"எப்ப சார் காட்டறது? நான் ஒரு தடவைதான் வாயத் திறந்தேன்."

ஓட்டல் வரவேற்பறையில் டீ வந்தது. சாயங்காலம் நாலரை மணி. ஒப்பந்தக் காகிதம் டைல்ஸ்காரர் சட்டைப்பையில் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தொடவில்லை. போன பரிசுப் பணத்தையாவது மீட்டுவிடலாம் என்று ஜட்ஜ் பையிலிருந்து பேக்கேமன் பலகையை எடுத்தார்.

"ஒரு ஆட்டம் போடுவமா? புள்ளிக்கு இருநூறு."

"போடுங்க. பொழுது போகணும்ல."

ஆளுக்குப் பதினைந்து காய்களைப் பகடை போட்டு வீடு கொண்டுசேர்த்து வெளியே எடுக்கும் ஆட்டம். அதில் எண்கள் எழுதிய ஒரு கட்டை உண்டு. தன் கை ஓங்கியிருக்கும்போது அதைத் திருப்பி வைத்து, பந்தயத்தை இரட்டிப்பாக்கலாம். எதிராளி அந்த விலைக்கு ஆட வேண்டும், அல்லது இருக்கிற பந்தயத்தைக் கொடுத்துவிட்டு எழுந்துவிட வேண்டும். ஜட்ஜ் மூன்றாவது வீச்சிலேயே கட்டையை இரண்டுக்குத் திருப்பினார். சீட்டில் கோட்டைவிட்ட ஆள் இங்கே நடுங்குவார் என்ற கணக்கு. டைல்ஸ்காரர் டீயை உறிஞ்சிவிட்டு எடுத்துக்கொண்டார்.

அப்புறம் பகடை டைல்ஸ்காரர் பக்கம் சாய்ந்தது. ஜட்ஜின் இரண்டு காய்கள் வெட்டுப்பட்டு நடுவில் கிடந்தன. உள்ளே வர ஒரே ஒரு சந்து. டைல்ஸ்காரர் கட்டையை நாலுக்குத் திருப்பி ஜட்ஜ் முன்னால் வைத்தார்.

"விட்டுடுங்க சார். நானூறோட போயிடும்."

ஜெயிக்கும் வாய்ப்பு பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று ஜட்ஜின் மூளை சொன்னது. அந்த மூளை அதுவரை இதில் பொய் சொன்னதில்லை. ஆனால் எதிரே இருப்பது யார்? சதுர அடிக்கு விலை சொல்லும் ஆள்.

"எடுத்துக்கறேன்."

"யோசிச்சுச் சொல்லுங்க. என் கடையில தினம் இதே வேலைதான். இந்த விலைக்கு எடுக்கறியா, நடையைக் கட்டறியான்னு. நடையைக் கட்டறவனுக்குத்தான் சார் நான் பயப்படுவேன்."

"எடுத்துக்கறேன்னு சொன்னேன்ல?"

அந்தச் சந்தும் அடைந்தது. ஜட்ஜ் பகடையை உருட்டினார், உருட்டினார், உள்ளே வரவே முடியவில்லை. வந்தபோது டைல்ஸ்காரர் கடைசிக் காய்களை எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு காயைக்கூட வெளியே எடுக்காமல் தோற்றால் நஷ்டம் இன்னொரு மடங்கு. நாலு எட்டாயிற்று.

"ஒப்பந்தம்..." என்றார் ஜட்ஜ்.

"அடுத்த வருஷம் வீட்டுக்காரியப் பாட்னரா வெச்சுக்கறேன் சார். தோப்போம். ஆனா நான் ஆடித் தோப்பேன்."

"எனக்கு ஆட்டமே தெரியாதே," என்றாள் அவள்.

"எனக்கு மட்டும் யாரு சொல்லிக் குடுத்தா?"

ஓட்டல் குறிப்புத்தாளில் டைல்ஸ்காரர் எழுதத் தொடங்கினார். ஜட்ஜ் தலைகீழாகவே படித்துக்கொண்டிருந்தார். கூட்டலில் தப்பு இருக்கும் என்று கடைசி நம்பிக்கை. இல்லை.

"ஒரு இருநூறா முடிச்சுக்கலாமா?" இருபத்தாறு வருஷத்தில் ஜட்ஜ் முதல்முறையாகப் பேரம் பேசினார்.

"டைல்ஸ்ல தள்ளுபடி உண்டு சார். பந்தயத்துல கிடையாது."

ஜட்ஜ் பர்ஸைத் திறந்தார். இரண்டு நோட்டு. டைல்ஸ்காரர் வாங்கி, மனைவியிடம் கொடுத்து, தாளில் கடைசி வரியைச் சேர்த்து அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

நாலு நாள் கூலி – 3600
ரயில் – 240
பரிசுக்காக – இல்லை
கழிவு: முன்பணம் – 2500
கழிவு: பேக்கேமன், எட்டுப் புள்ளி – 1600
ஜட்ஜ் தரவேண்டியது – 260
ரொக்கமாக வரவு – 200
பாக்கி – 60