சின்ன மருமகளின் சொந்தக் குரல்

இரண்டு வருடமாக, ஞாயிறு தவிர தினமும் ஏழரை மணிக்கு அவள் டிவியில் அழுதுகொண்டிருந்தாள். ஆனால் அழுத குரல் அவளுடையதல்ல. தொடரில் சின்ன மருமகளாக நடிப்பது அவள்; பேசுவது டப்பிங் அக்கா. இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதுகூட இல்லை.

அவளுக்குப் பிறவியிலேயே கரகரத்த தொண்டை. வீட்டில் அண்ணன் வைத்த பெயர் 'ரம்பம்'. "முகம் பரவாயில்ல, குரலை நாங்க பாத்துக்கிறோம்" என்று முதல் நாளே சொல்லித்தான் வேலை கொடுத்தார்கள். அவளும் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினாள்.

அப்போதுதான் சினிமா வாய்ப்பு வந்தது. பஸ் ஓட்டும் பெண்ணின் கதை, அவள்தான் கதாநாயகி. இயக்குநர் அவளைப் பத்து நிமிடம் பேசவிட்டுக் கேட்டுவிட்டு, "இந்தக் குரலுக்காகவே உன்ன எடுக்கிறேன்" என்றார். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நாற்பது நாள் படப்பிடிப்பு முடிந்தது. ஆறு நாள் உட்கார்ந்து தானே டப்பிங் பேசினாள். ஏழாம் நாள் இயக்குநரிடமிருந்து போன்.

"தயாரிப்பாளருக்குக் குரல் பிடிக்கலம்மா. சீரியல்ல பேசுறவங்களையே நாளைக்கு வரச் சொல்லிட்டாரு. ஜனங்களுக்கு அதுதான் உன் குரலாம். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

"போனா போகுது, முகம் உன்னோடதுதானே?" என்று அம்மா தேற்றினாள். அந்தச் சமாதானம் அவள் மனசில் இறங்கவில்லை. மறுநாள் காலை, யாரும் கூப்பிடாமலேயே டப்பிங் தியேட்டருக்குப் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். போகச் சொன்னால் போய்விடலாம் என்று செருப்பைக்கூடக் கழற்றவில்லை. முன்னால் தயாரிப்பாளர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டப்பிங் அக்கா. மூக்குக்கண்ணாடியைச் சற்றுக் கீழே இறக்கிவிட்ட, குள்ளமான, சாதாரணப் பெண்மணி. முதல் இரண்டு காட்சிகளையும் வெண்ணெயில் கத்தி போவதுபோலப் பேசி முடித்தார். அவள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். இவ்வளவு நன்றாகப் பேசுகிறவரிடம் என்ன குறை சொல்ல முடியும்?

மூன்றாவது, அப்பா இறந்த சேதி நடுவழியில் வரும் காட்சி. பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு அவள் சொல்ல வேண்டியது ஒரே வரி: "எல்லாரும் இறங்கிக்குங்க, வண்டி இதுக்கு மேல போகாது."

அக்கா ஆறு தடவை பேசினார். ஏழாவது தடவை நிறுத்திவிட்டார்.

"உதடு சரியா உட்காருது சார். மூச்சுதான் உட்கார மாட்டேங்குது. இந்தப் பொண்ணு எப்படிப் பேசியிருக்குன்னு ஒரு தடவ போடுங்க."

போட்டார்கள். கரகரவென்று, பாதி காற்றாகவே அந்த வரி வந்தது. தயாரிப்பாளர் போட்டிருந்த காலை இறக்கினார்.

"இன்னொரு தடவ போடு" என்றார். கேட்டுவிட்டு, "நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று அக்காவிடமே கேட்டார்.

"நான் அழகாப் பேசிடுவேன் சார். அழகாப் பேசினா இந்த இடம் செத்துடும். என் வாயாலயே என் பொழப்பக் கெடுத்துக்கிறேன், வேற என்ன."

தயாரிப்பாளர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "எனக்குப் படம் ஓடினா சரி. அந்தப் பொண்ணு குரலே இருக்கட்டும்."

முந்தின நாளிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியதும் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அக்கா பின்னாலேயே வந்தார்.

"நீதானா அது? ரெண்டு வருஷமா உன் உதட்டப் பாத்தே எனக்குக் கண்ணு போச்சு. வசனத்த முழுங்காமப் பேசக் கூடாதா?"

"இனிமே முழுங்கலக்கா."

படம் ஓடியது. சொல்லப்போனால், தயாரிப்பாளர் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே ஓடியது. அடுத்த மாதமே இன்னும் இரண்டு படங்களுக்குக் கேட்டு வந்தார்கள். தொடரிலும், இனி அவளே பேசட்டும் என்றார்கள். அக்காவின் வேலையில் கை வைக்கிறோமே என்று அவளுக்கு உறுத்தியது; காலையில் இட்லிகூட இறங்கவில்லை. தயங்கித் தயங்கி போன் செய்தாள்.

"தாராளமாப் பேசு" என்றார் அக்கா. "எனக்குப் புது சீரியல்ல மாமியார் வேஷத்துக்குப் பேசக் கிடைச்சிருக்கு. அழுது அழுது எனக்கும் அலுத்துப்போச்சு. இனிமே அதட்டுறதுதான் வேலை."

அன்று மத்தியானம் அவள் இரண்டு தட்டு சாதம் சாப்பிட்டாள்.