எட்டாம் பிரிவு

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுங்களா. நெஞ்சு கொஞ்சம் கனத்துப் போகிற கதைதான்; ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை. ஓர் அக்கா, அவள் தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

அக்கா அச்சகத்தில் பிழை திருத்தியவள். அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மூலப் பிரதியை உரக்கப் படிப்பார். இன்னொருவர் அச்சான தாளில் கண்ணை ஓட்டிக்கொண்டே வருவார். படிக்கிறவர் எதையும் விழுங்கக் கூடாது. எண், தலைப்பு, கமா, புள்ளி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கல்லூரி விடுமுறைகளில் அவளுக்குப் படித்துக் காட்டியவன் தம்பிதான். சர்க்கரை நோய் அவள் பார்வையைக் கொண்டுபோன பிறகும் அந்தப் பழக்கம் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. கரண்ட் பில் வந்தாலும் அவன் கமா புள்ளியோடுதான் படிப்பான்.

இப்போது வந்திருந்தது வேலை ஒப்பந்தம். கடல் தாண்டி ஒரு மென்பொருள் நிறுவனம் அவனை எடுத்திருந்தது. சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

"படிடா. அவசரத்துல எதையும் முழுங்காத."

"உன்கிட்ட முழுங்க முடியுமா? தொண்டைக்குள்ள கைய விட்டு எடுத்துடுவ."

அக்கா சிரித்தாள். கட்டிலில் பிள்ளைகளின் துணிகளை மடித்துக்கொண்டிருந்த அவன் மனைவி சிரிக்கவில்லை. அவளுக்கு எட்டாம் பிரிவு தெரியும். புதன்கிழமை பஸ்ஸில் நின்றபடி போனில் அதைப் படித்த அன்றே அவன் அவளிடம் சொல்லிவிட்டான். இன்றைக்கு அதைத் தாண்டிவிடலாம், அக்காவிடம் நல்ல நேரம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தான். அந்த நல்ல நேரம் எது என்று அவனுக்கே தெரியாது. அக்காவோ ஒரு வாரமாகக் கேள்விமேல் கேள்வி. அங்கே ரொம்பக் குளிருமா, கண்ணாஸ்பத்திரி வீட்டுக்குப் பக்கத்தில் இருக்குமா, மாடி ஏற வேண்டியிருக்குமா என்று. தனக்கென்று கம்பளிக் குல்லாய் ஒன்றுகூட வாங்கி வைத்துவிட்டாள்.

அவன் லேப்டாப்பைத் திறந்து படித்தான். வேலையை விடும் பிரிவு வந்ததும் அவள் கையை உயர்த்தினாள்.

"நீ விடணும்னா மூணு மாசம் முன்னாடி சொல்லணும். அவங்க அனுப்பணும்னா?"

"ஒரு மாசம்."

"நல்லாருக்கு நியாயம். மாத்தித் தரச் சொல்லு."

தலையாட்டினான். அது அவளுக்குத் தெரியாது என்பது நினைவு வந்து, "சரிக்கா" என்றான். மேலே படித்தான். ஏழு, பயணச் செலவு. அதன் முற்றுப்புள்ளியையும் சொல்லிவிட்டுத் திரையை வேகமாக நகர்த்தினான்.

"ஒன்பது. ரகசியக் காப்பு."

எண்ணைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். பழகின நாக்கு முந்திக்கொண்டது.

"எட்டு எங்கடா?"

"அது ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததப் படிக்க என்ன கஷ்டம்? படி."

படித்தான். "எட்டு. குடும்பம். இந்த ஒப்பந்தத்தில் குடும்பம் என்பது பணியாளரின் மனைவி அல்லது கணவர் கமா பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் முற்றுப்புள்ளி. விசாவும் காப்பீடும் இவர்களுக்கு மட்டுமே முற்றுப்புள்ளி."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். கேட்டுப் பாத்தேன்க்கா. அந்த நாட்டுச் சட்டமே அப்படித்தானாம்."

அக்கா, தம்பியின் மனைவி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். "உனக்கும் தெரியுமா?"

"தெரியும்க்கா." மடித்த சட்டையையே அவள் மறுபடி பிரித்து மடித்தாள்.

"நான் போகல," என்றான் தம்பி. "இங்கயே ஏதாவது பாத்துக்கிறேன்."

"அதையும் நீயே முடிவு பண்ணிட்டியா?" அவள் குரல் உயரவில்லை. "என்னைக் கேக்காம தாண்டிப் போனதும் நீதான். என்னைக் கேக்காம நிக்கிறதும் நீதான். நான் இந்த வீட்டுல எங்கடா இருக்கேன்?"

கையெழுத்துக் கட்டம் திரையில் காலியாகவே இருந்தது.

அக்கா எழுந்து சுவரைத் தடவியபடி சமையலறைக்குப் போனாள். வழக்கம்போல டம்ளரின் விளிம்புக்குள் விரல் நுனியை வைத்துக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் விரலைத் தொட்டால் நிறுத்துவாள். தண்ணீர் விரலைத் தொட்டது, டம்ளர் நிறைந்தது, புறங்கையில் வழிந்து முழங்கை வரை நனைத்துச் சொட்டியது. அவள் விரலை எடுக்கவில்லை. கூடத்திலிருந்த இருவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

போய் வாங்க கண்ணுங்களா. உங்கள் வீட்டு ஆட்களை எண்ணுகிற கை எல்லாரையும் எண்ணட்டும். எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே நல்லா இருங்க.