நாற்பத்தோராம் பக்கம்

"இன்னா மேடம் இது? உங்க கதையவே எழுதி வச்சிகிறீங்க?"

சத்யப்ரியா இவ்வாறு கேட்டபோது நான் சிவப்புப் பேனாவின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன். பம்மலில் ஒரு கைப்பேசிக் கடையின் மாடியில் அவருடைய டி.டி.பி. தட்டச்சு நிலையம் இருக்கிறது. திங்கட்கிழமை மாலை, கல்லூரிப் பேருந்திலிருந்து இறங்கி நேராக அங்கு சென்றிருந்தேன்.

"என் கதையா? இது ஐயாவோட பார்லிமென்ட் ஸ்பீச்சுங்க."

"அது தெரியும் மேடம். இந்த நாப்பத்தியோராம் பக்கத்தப் பாருங்க. அங்க பாஸ்போர்ட்டு, இங்க சர்ட்டிபிகேட்டு. போன மாசம் மூணு வாட்டி லெட்டர் அடிச்சிக் குடுத்தேனே, 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்'னு? அதே மேட்டர்தானே?"

மூடி மேசைக்கு அடியில் கிடந்தது. குனிந்து எடுத்தேன். நிமிர்ந்து உட்காரச் சற்று நேரம் ஆயிற்று.

படப்பையைத் தாண்டி உள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான் ஆங்கில உதவிப் பேராசிரியை. அதன் நிறுவனத் தலைவர் திரு. பக்தவச்சலம் அவர்கள் மாநிலங்களவை உறுப்பினர். ஆறாண்டுகளாக அவையில் அவர் ஆங்கிலத்தில் ஆற்றிய உரைகளைத் தமிழில் நூலாக்க விரும்பினார். அந்தப் பணியை என்னிடம் ஒப்படைத்தார். மாட்டேன் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அன்றியும், அந்த உரைகளை நான் உண்மையாகவே மதித்தேன். இறக்குமதி வரியை உயர்த்தினால் ஏழையின் சட்டை விலையும் உயருமே என்று அவர் கேட்ட கேள்வி எனக்கு மனப்பாடம். எங்கோ ஒரு நாட்டில் சிறையிலடைக்கப்பட்ட செய்தியாளருக்காக, தம் கட்சியே முகம் சுளித்தபோதும், அவர் எழுந்து நின்று பேசியிருக்கிறார்.

நாற்பத்தோராம் பக்கம், கடல் கடந்து வேலைக்குச் செல்வோரைப் பற்றியது.

"வேலைக்கு வந்தவனின் கடவுச்சீட்டை வாங்கிப் பெட்டியில் பூட்டுகிறார்கள். கேட்டால், 'உங்கள் நன்மைக்காகத்தான். எங்களிடம் பத்திரமாக இருக்கிறது' என்கிறார்கள். விட்டுப் போக முடியாத ஒருவன் செய்வதை வேலை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். போக விடாத சந்தை, சந்தையே அன்று."

இந்த நான்கு வரிகளுக்காக நான் இரண்டு நாட்கள் செலவிட்டேன். அந்த முகமறியாத் தொழிலாளியை எண்ணிக் கண் கலங்கவும் செய்தேன். ஆனால் எங்கள் கல்லூரியில் வேலைக்குச் சேரும் ஒவ்வோர் ஆசிரியரும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் முதல் கடைசிப் பட்டம் வரை அசல் சான்றிதழ்கள் அனைத்தையும் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். ஏழாண்டுகளுக்கு முன் நானும் ஒப்படைத்தேன். அரசுக் கல்லூரிப் பணிக்கான சான்றிதழ் சரிபார்ப்பு வரும் வியாழக்கிழமை. அசல் இல்லாமல் சென்றால் அந்த வாய்ப்பு அன்றோடு முடிந்துவிடும். எனக்கு வயது முப்பத்தொன்பது. மூன்று கடிதங்கள் கொடுத்தும் பதில் வரவில்லை. அவ்வளவும் தெரிந்த நான், அந்தப் பக்கத்தைக் குறைந்தது பத்து முறை படித்திருக்கிறேன். இரண்டும் ஒன்றே என்று ஒருமுறையேனும் எனக்குத் தோன்றவில்லை. பம்மல் மாடியில், விசிறிக் காற்றில் தாள்கள் படபடக்க, அதுதான் என்னைத் திகைக்கச் செய்தது.

"நேராப் போய்க் கேளுங்க மேடம். இவ்ளோ நல்லாப் பேசறவரு தராமலா பூடுவாரு?" என்றார் சத்யப்ரியா.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சேலையூரில் உள்ள ஐயாவின் இல்லத்துக்குச் சென்றேன். அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கையொப்பமிட வேண்டும் என்பது அவரே வகுத்த ஒழுங்கு. பச்சை மையில், பொறுமையாக, ஒவ்வொரு தாளாகப் புரட்டிக் கையொப்பமிட்டார். எனக்குக் காபி வரவழைத்தார்.

"ரொம்ப அழகா வந்திருக்கும்மா. நான் பேசினதை விட நல்லா இருக்கு. ஞாயித்துக்கிழமை ஃபங்ஷன்ல நம்ம ஸ்டாஃப் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு காப்பி கொடுக்கணும். யாரும் லீவ் போடக் கூடாது, சொல்லிட்டேன்."

"மிக்க நன்றி ஐயா." காபிக் கோப்பையைக் கீழே வைத்தேன். பிறகு மீண்டும் எடுத்தேன். "ஐயா, தொந்தரவுக்கு மன்னிக்கணும். என்னோட ஒரிஜினல் சர்ட்டிபிகேட் எல்லாம்... வியாழக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் தேவைப்படுது. சாயங்காலமே திருப்பிக் கொண்டுவந்து..."

அவர் கோபப்படவில்லை. பிள்ளையிடம் பேசுவது போல் புன்னகைத்தார்.

"எதுக்கும்மா பதட்டம்? அது உங்க நன்மைக்காகத்தான். நம்மகிட்ட பத்திரமா இருக்கு."

"ஐயா, இந்த வாக்கியம் நாற்பத்தோராம் பக்கத்துல வருது."

தயவுசெய்து நம்புங்கள், நான் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நான்கு மாதங்களாக அந்த நூலோடே வாழ்ந்ததால், ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் அதன் பக்க எண் தானாக வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகே என்ன சொன்னேன் என்பது எனக்குப் புரிந்தது. காபி தட்டில் சிந்தியது.

அவர் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தார். படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மீண்டும் படித்தார். அந்த ஒரு நிமிடத்தில் நான் பலவற்றை எதிர்பார்த்தேன். சீறுவார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டு, "அட, ஆமாம்மா!" என்பார் என்றுகூட ஆசைப்பட்டேன்.

அவர் பேனாவின் மூடியைத் திறந்தார். அந்தப் பத்தியின் மேல், மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தார். ஓரத்தில் கையொப்பமிட்டார்.

"இது இந்தப் புக்குல வேண்டாம். ஸ்டாஃப் கையில போறது பாரு, தப்பா அர்த்தம் பண்ணிப்பாங்க."

பிறகு அலுவலகக் கண்காணிப்பாளரைத் தொலைபேசியில் அழைத்தார். "மெர்வின், அந்த இங்கிலீஷ் சுப்ரஜா இருக்காங்கல்ல, அவங்க ஃபைலைக் கொடுத்துடுங்க. ஆமா, மொத்தமா." என்னிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். "மத்தவங்ககிட்டச் சொல்ல வேண்டாம்மா. எல்லாரும் வந்து வாசல்ல நிப்பாங்க."

"மிக்க நன்றி ஐயா," என்றேன். வாயிற்கதவைத் தாண்டும்வரை அதை மூன்று முறை சொல்லியிருப்பேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று, தாம்பரத்துக்குச் செல்லும் ஷேர் ஆட்டோவில் அமர்ந்த பிறகு நினைத்துப் பார்த்தேன்.

புதன்கிழமை பிற்பகல் மெர்வின் சார் அந்த இரும்பு அலமாரியைத் திறந்தார். அதன் உட்புறத்தை நான் பார்த்ததில்லை. மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை பழுப்பு உறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். துறையில் என்னுடன் அறையைப் பகிர்ந்துகொள்ளும் ரோஹிணியின் பெயர், குழந்தை பிறந்த பின் வேலையை விட விரும்பி இரண்டாண்டுகளாகக் காத்திருக்கும் ரோஹிணியின் பெயர், என் உறைக்கு அடுத்ததாக இருந்தது.

"லக்கி மேடம் நீங்க," என்றார் மெர்வின் சார், தூசியைத் தட்டியபடி. "நம்மளுது பதினோரு வருஷமா இதுக்குள்ளதான் கீது."

எனக்குச் சரியாகக் கேட்டதா என்றே ஐயமாயிற்று. "உங்களோடதுமா சார்? சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

"சாவி கீது மேடம், அதுக்கு? ஐயா கையெழுத்து இல்லாம நானே எடுத்துக்கினா அது திருட்டாச்சே!" அவர் சிரித்தார். வேடிக்கைக்காகச் சொன்னவராகத் தெரியவில்லை. தினமும் காலையில் தம் கையால் திறந்து, மாலையில் தம் கையால் பூட்டுகிறார். அவருடைய உறையை அவர் எனக்குச் சுட்டிக்கூடக் காட்டினார், கீழ்த் தட்டில், இடது ஓரம்.

அன்று மாலை அந்த உறையை மடியில் அணைத்தபடி சத்யப்ரியாவின் அருகே அமர்ந்திருந்தேன். திருத்தங்கள் ஒவ்வொன்றாக முடிந்து நாற்பத்தோராம் பக்கம் திரையில் வந்தது. அவர் பச்சைக் கோட்டைப் பார்த்தார். என் மடியைப் பார்த்தார்.

"ஓ. அதக் குடுத்துட்டு இத எட்துக்கினாரா?" என்றார். "சரி, தூக்கிடவா மேடம்?"

நூலாசிரியர் நீக்கியதை மொழிபெயர்ப்பாளர் நீக்காமல் விடுவது முறையன்று. மாணவர்களுக்கு நானே அப்படித்தான் கற்பிப்பேன். அவர் எனக்குத் தீங்கும் செய்யவில்லை; கேட்டதற்கு மேலாகவே கொடுத்தார். இவ்வளவையும் மனத்துக்குள் வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். உறையின் ஓரம் என் உள்ளங்கையில் அழுந்தியது. இதே கேள்வியை நேற்று யாரேனும் கேட்டிருந்தால், எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

"வேண்டாங்க. இருக்கட்டும்."

"அவரு அடிச்சி, கையெழுத்துப் போட்டுகீறாரே?"

"அவர் சபையில பேசினது. அங்க ரெக்கார்டுல இருக்கு. பேசினதைத்தான் நான் தமிழ்ல எழுதினேன். தயவுசெஞ்சு அப்படியே விட்டுடுங்க. யாராவது கேட்டா, நான்தான் சொன்னேன்னு சொல்லிடுங்க. உங்களுக்குச் சிரமம் கொடுக்கிறேன், மன்னிக்கணும்."

"என்னாண்ட இன்னாத்துக்கு மேடம் மன்னிப்பு?" என்றபடி அவர் அடுத்த பக்கத்துக்குப் போனார். "நான் டைப் பண்றவ. வச்சாலும் சரி, எட்தாலும் சரி."

அது என் குரல்தானா என்று வீடு வந்து சேரும்வரை எனக்கு விளங்கவில்லை. குரோம்பேட்டையில் இறங்க வேண்டியவள் தாம்பரத்தில் இறங்கித் திரும்பி வந்தேன்.

வியாழக்கிழமை சரிபார்ப்பு நல்லபடியாக முடிந்தது. அலுவலர் என் பட்டங்களை ஒவ்வொன்றாக ஒளியில் உயர்த்திப் பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பித் தந்தார். வெள்ளிக்கிழமை ராஜினாமாக் கடிதத்தை எழுதினேன். அதைத் திங்களன்று கொடுக்கவிருக்கிறேன்.

இன்று சனிக்கிழமை. நூல்கட்டுகள் அச்சகத்திலிருந்து வந்து எங்கள் துறையின் அறையில் இறங்கியிருக்கின்றன. நாளை விழாவில் நூற்று நாற்பது ஆசிரியர்களும் அலுவலர்களும் விடுப்பின்றி வருவார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிரதி கொடுக்கப்படும். பிரதிகளில் பெயர் எழுதும் பொறுப்பு என்னுடையது. மெர்வின் சாருக்குரியதில் பெயரை எழுதி, நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு தாள் துண்டைச் செருகினேன். பிறகு ரோஹிணியின் பிரதியை எடுத்தேன். இப்போது மணி நான்கு. மற்ற பிரதிகள் அனைத்துக்கும் தாள் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.