கண்ணில் படாத மஞ்சள்

எண்டோஸ்கோப்பி அறையில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கும் அந்த நர்ஸ், வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களின் கண்ணை வாசலிலிருந்து பார்த்தே காமாலை எந்த அளவு என்று சொல்லிவிடுவாள். அன்று காலை மூன்றாவது நாற்காலியில் எலுமிச்சைத் தோல் நிறத்தில் ஒரு முகம். அது அவள் புருஷன்.

பக்கத்தில் அவள் தம்பி நெளிந்தான். "ஆபிசுல யாரோ பாத்துச் சொன்னாங்களாம். உங்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு மாமா சத்தியம் வாங்கிட்டாருக்கா."

இருபத்து மூன்று நாளாகப் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு இல்லை. "ஊரு வயித்தையெல்லாம் பாப்பா, வீட்டு வயித்தப் பாக்க அவளுக்கு நேரமேது?" என்று சொந்தக்காரர்கள் முன்னால் அவன் அடித்த கிண்டல் அவளுக்கு ஆறவேயில்லை. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். தட்டில் பாதி மிஞ்சியதை வீம்பு என்று எடுத்துக்கொண்டாள். பசி செத்துப்போயிருக்கும் என்று தோன்றவில்லை.

உள்ளே அவனைப் படுக்க வைத்ததும், "உங்க வீட்டுக்காரருக்கு மஞ்சள் எப்பலருந்து சிஸ்டர்?" என்றார் டாக்டர், குழாயைச் சரிபார்த்துக்கொண்டே.

நோயாளிகளின் மனைவிமாரிடம் அவளே கேட்கும் கேள்விதான். தெரியாது என்றால், "ஒரே வீட்டுலதானம்மா இருக்கீங்க?" என்று கடிந்துகொள்வாள். இன்று அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"பத்து நாளா சார்," என்றான் அவன் படுத்தபடியே. "அவ மேல தப்பில்ல. நான்தான் அவ எதிர்ல வராம சுத்திட்டிருந்தேன்."

"நீங்க வெளிய இருங்களேன் சிஸ்டர்."

"இல்ல சார். நானே நிக்கறேன்."

அவனுக்கு மயக்கம் ஏறியது. நுனியில் ஸ்கேன் கருவி உள்ள குழாய் வாய்வழியாக இரைப்பையைத் தாண்டி இறங்கியது. திரையில் பித்தக்குழாய் உப்பியிருந்தது. கல்லாக இருக்கட்டும், கல்லாக இருக்கட்டும் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. அந்தப் பித்தக்குழாயை நெருக்கியபடி, கணையத்தின் தலையில் கறுப்பாக ஒரு கட்டி தெரிந்தது. ஊசி கட்டிக்குள் போய் எடுத்துவந்த துளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்தாள். கை நடுங்கவில்லை. அதற்காகவே தன் கையை வெறுத்தாள்.

"பெரிய ரத்தக்குழாய ஒட்டியிருக்கு. எடுத்த எடுப்புல ஆபரேஷன் முடியாது," என்றார் டாக்டர். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்றவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மயக்கம் தெளிந்ததும் அவன் கேட்டான். "கல்லா?"

டாக்டர் சொல்லுவார் என்று நழுவுவதுதான் அவள் வழக்கம். இன்று அவன் கண்ணைப் பார்த்தே சொன்னாள். "கல்லு இல்லங்க. கட்டி. ரிசல்ட் வரணும். ஆனா எனக்கு நல்லதாத் தோணல."

"இத்தன நாள் கழிச்சு வாயத் திறந்து," என்றான் அவன் சிரிக்க முயன்றபடி, "இதையா சொல்லணும்?"

சொல்ல வேண்டியது அவளிடம் நிறைய இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.