கழிவு ரெண்டு

கச்சேரிக்கு ஐந்து மணி நேரம் இருந்தது. பாடகர் குழுவை நடத்தும் றிச்சர்ட் அண்ணன், என் அக்கா தானே எழுதிப் பியானோவில் வாசிக்கப்போகும் உருப்படியின் பெயரைப் போனில் தேடி, ஆடும் பெண்களின் படங்களைப் பார்த்துத் திகைத்துப்போனார். ஆலய மண்டபத்தில் ‘புர்லெஸ்க்’ வேண்டாம், பெயரை மாற்று என்றார்.

ஷிராணி அக்கா ஹட்டனில் சங்கீதம் படிப்பிக்கிறாள். பொறுமையாக விளக்கினாள். மேடை ஆட்டத்துக்கு அந்தப் பெயர் பிறகு வந்தது. மூலம் ‘புர்லா’ என்ற இத்தாலியச் சொல், பொருள் கேலி. விளையாட்டான வாத்திய இசையை ஐரோப்பாவில் நெடுங்காலமாக அப்படி அழைக்கிறார்கள். சாதாரண விஷயத்துக்குப் பெரிய இசையின் உடுப்பைப் போட்டுவிடலாம். கேட்பவர் சிரிக்கலாம்; வாசிப்பவர் முகம் அசையக் கூடாது.

றிச்சர்ட் அண்ணன் சமாதானமானார். எங்கள் பயம் வேறு. அக்கா கேலி செய்திருந்தது அப்பாவின் குரலை.

அப்பா மரியநாயகம் திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளை. கொழுந்து நிறுக்கும்போது எடையைக் கூவிச் சொல்வார். தராசு இப்போது டிஜிட்டல், கூவல் பழையதுதான். “பதினேழூ” என்று உயரத்தில் நீட்டி, ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிக்கும் இரண்டு கிலோவை, “கழிவு ரெண்டு” என்று சட்டென்று கீழ்க்குரலில் விழுங்கிவிடுவார். லயத்து வீடுகளுக்குத் திரும்பும் வழியில் கொழுந்தெடுக்கும் பெண்கள் அதை அப்படியே சொல்லிச் சிரிப்பார்கள். அப்பாவுக்கு மட்டும் தெரியாது. அவர்கள் முன்னால் அவர் தலை குனிந்தால் இனி பியானோவைத் தொடமாட்டேன் என்றாள் அக்கா. ஆனாலும் உருப்படியை மாற்றவில்லை.

மாலையில் வாசித்தாள். வலது கை ‘பதினேழூ’வை நீட்டியது. இடது கை அதன் கீழே பூசைப் பாட்டின் கனத்தை வைத்தது. கழிவு வரும் இடத்தில் இரண்டே கட்டைகள், சத்தம் தணிந்து. அவள் முகம் அசையவில்லை. நான் பௌதிகவியல் படித்தவள். ஒலியின் அதிர்வெண்ணைக் கணக்கிடுவேன். ஒரு மனிதரை இரண்டு கட்டைகளுக்குள் வைக்க எனக்குத் தெரியாது.

பின்வரிசைப் பெண்கள் சிரித்தார்கள். அப்பா திரும்பியதும் அடங்கினார்கள்.

“ரொம்ப நாளாவே இப்படிச் சிரிக்கிறீங்களா?” என்று அப்பா கேட்டார்.

“என்னதுங்கய்யா?” என்றாள் கொழுந்தெடுக்கும் காளியாயி, ஒன்றும் தெரியாதவள்போல.

அப்பா எழுந்து நின்றார். மேடையில் அக்கா கைகளை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

“என் கொரலுதான் அது,” என்றார். “கழிவச் சொல்றப்ப நான் முழுங்குறதும் நெசந்தான்.”