மூன்று விரல் கெட்டில்

எனிட் ஸ்டானிஃபோர்த் யாரோடு கைகுலுக்கினாலும் அவளுடைய வலது கை அவர்களுடைய கையாக மாறிவிடும். அந்தக் கைக்குத் தோதான பொருள் ஒன்றை வரைந்து, அதைச் செய்து அவர்கள் எடுத்துப் பயன்படுத்தினால்தான் சொந்தக் கை திரும்பும். ஷெஃபீல்டில் எங்கள் பட்டறையில் கெட்டில், கரண்டி, கதவுப்பிடி வடிவமைப்பது அவள் வேலை. கைகொடுக்க வேண்டியவர்களை மேலாளர் ப்ரூம்ஹெட் தேர்ந்தெடுப்பார். பெரும்பாலும் கடைக்காரர்களின் மனைவிகள். மற்ற நேரமெல்லாம் கையுறை.

1961இல் பாலிஷ் போடும் ஹில்டா ராக் ஓய்வுபெற்றாள். முப்பத்தெட்டு வருடத்தில் இரண்டு விரல்களை இயந்திரம் தின்றிருந்தது. மிச்ச மூன்றும் மூட்டுவலியில் கோணிக் கிடந்தன. கடிகாரம் கொடுத்துக் கைகுலுக்கி அனுப்புவது வழக்கம். ப்ரூம்ஹெட் கடிகாரத்தை மேஜையில் வைத்துவிட்டுக் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். ஹில்டாவின் கை நீட்டியபடி நின்றது. எனிட் கையுறையைக் கழற்றினாள்.

"வேணாம் கண்ணு, இத வாங்கி என்ன பண்ணுவ? எனக்கே ஒதவல" என்றாள் ஹில்டா.

மணிக்கட்டை நுழைத்துச் சாய்க்கிற மாதிரி அகலப் பிடி வைத்த கெட்டில் ஒன்றை, அந்தக் கையாலேயே எனிட் வரைந்தாள்.

"நொண்டிக் கெட்டில எவம்மா வாங்குவா?" என்று ப்ரூம்ஹெட் செய்ய மறுத்தார். ஏழு மாதம் எனிட்டால் பொத்தான் போட முடியவில்லை, நேர்கோடு இழுக்க முடியவில்லை. ஈஸ்டருக்குள் கை சரியாகாவிட்டால் வேலை கிடையாது என்று கடிதம் வந்தது.

எங்கள் ஊர்ப் பட்டறைகளில், முதலாளியின் நேரத்தில் முதலாளியின் தகட்டில் திருட்டுத்தனமாகச் செய்துகொள்ளும் சொந்தச் சாமானுக்கு 'அந்நியன்' என்று பெயர். பிடிபட்டால் வேலை போகும். ஆனாலும் செய்யாதவன் கிடையாது. ஒன்பது பேர் சேர்ந்து, ஆளுக்கொரு பாகமாக ஹில்டாவின் கெட்டிலை அந்நியனாகப் போட்டார்கள். நடுவில் ப்ரூம்ஹெட் வந்துவிட்டார்.

"என்னய்யா அது?"

"மழைத்தண்ணிக் குழாய் சார்" என்றான் தகடு அடிக்கும் சிரில்.

"குழாய்க்கு எதுக்கு மூடி?"

"குருவி விழுந்துரும்ல சார்."

புனித வெள்ளிக்கு முந்தைய நாள் ஹில்டாவின் சமையலறையில் அந்தக் கெட்டில் கொதித்தது. ஒற்றைக் கையால் சொட்டுச் சிந்தாமல் ஊற்றினாள். எனிட்டின் விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. இல்லாத இரண்டும் முளைத்தன.

"பால நீயே ஊத்திக்க. இப்பதான் வெரல் இருக்குல்ல."

விடுமுறை முடிந்து எனிட் கையுறை இல்லாமல் பட்டறை வாசலில் நின்று, உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தாள். கடைசியாகக் கொடுத்தவரின் கை தங்கியது. அந்தக் கைக்காக அவள் வரைந்ததில் கம்பெனி மறுத்ததையெல்லாம் அந்நியனாகச் செய்துகொண்டோம். அதன்பின் இருபத்தாறு வருடத்தில் அவள் சொந்தக் கையோடு வந்த நாட்கள் குறைவு. காலையில் "இன்னிக்கு யாரு கை, எனிட்?" என்று கேட்போம். பெயரைச் சொல்வாள். அந்தக் கைக்கு வாகாகக் கோப்பையைத் திருப்பி வைப்போம்.