சேவுகனின் சர்வீஸ் உரை

மலேசியாவில், பத்து காஜா என்ற ஊருக்கு அப்பால், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில் இன்று செம்பனையும் தரைவீடுகளும்தான் இருக்கின்றன. அம்மன் கோயில் மட்டும் இடம் மாறவில்லை. திருவிழா முடிந்த ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்கு உழைத்த ஒருவருக்கு அங்கே 'சேவைச் சுடர்' விருது கொடுப்பார்கள். இந்த ஆண்டு அது ராக்காயிக்கு. ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து கோயில் வாசலைக் கூட்டி வருபவர் அவர்.

சிறப்புரைக்கு ஈப்போவிலிருந்து ஆடிட்டர் சேவுகனை அழைத்திருந்தார்கள். கோயில் கணக்கைப் பல ஆண்டுகளாக இலவசமாகத் தணிக்கை செய்து தருபவர்; ஆனால் அவரிடம் யாரும் ஒலிவாங்கியைக் கொடுத்ததில்லை. செயலாளர் பவித்ரன் நாலு வார்த்தை பேசச் சொன்னார். சேவுகன் அதை நாலு வார்த்தை என்று எடுத்துக்கொள்ளவில்லை. 'சர்வீஸ்' என்ற ஒரே சொல், அதன் அத்தனை பொருள்கள், கடைசியில் அதன் லத்தீன் வேர் என்று ஒரு மாதம் உட்கார்ந்து எழுதினார். வீட்டில் வாசித்துக் காட்டியபோது மனைவி நாச்சியம்மை, வேரை முதலிலேயே சொல்லிவிட்டால் சீக்கிரம் முடியுமே என்றார். வேர் கடைசியில் வந்தால்தான் கைதட்டுவார்கள் என்பது சேவுகனின் நம்பிக்கை.

அழைப்பிதழில் பன்னிரண்டரைக்கு மதிய உணவு என்று இருந்தது. ராக்காயி அச்சில் வந்ததை நம்புகிறவர். ஆகவே பன்னிரண்டு மணிக்குக் கோயில் குளியலறையில் நின்று தன் இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டார். போட்டால் அரை மணிக்குள் சாப்பிட வேண்டும். வெளியே வந்ததும் கழுத்தில் மாலையைப் போட்டு முதல் வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

சிறப்புரை முடியும் முன் இலை போடக்கூடாது என்பது குழுவின் தீர்மானம். ஒரு முறை முதலில் சாப்பாடு போட்டதில், பேச்சாளர் நாற்காலிகளைப் பார்த்துப் பேச வேண்டியதாகிவிட்டது.

வரவேற்புரைக்காரர்களே பன்னிரண்டரையைத் தாண்டிவிட்டார்கள். அதன் பிறகுதான் சேவுகன் எழுந்தார். அடுப்படியில் இருந்த புனிதா, ராக்காயியின் பக்கத்து வீட்டுக்காரி, பவித்ரனிடம் ஊசி விஷயத்தைச் சொன்னாள்.

"அஞ்சு நிமிசம்லா அக்கா, அண்ணே முடிச்சிருவாரு. இப்ப இலை போட்டா அவருக்கு மரியாதையா இருக்காது."

புனிதா தூண் ஓரமாக வந்து ராக்காயிக்குச் சைகை காட்டினாள். ஒரு மனிதர் நின்று பேசும்போது எதிரே உட்கார்ந்து சாப்பிடுவதாவது என்று ராக்காயி கையை அசைத்து அவளைப் போகச் சொல்லிவிட்டார்.

சேவுகன் காரை சர்வீஸுக்கு விடுவதில் தொடங்கினார். பூப்பந்தில் சர்வீஸ் போடுவது, உணவகத்தில் சர்வீஸ் சார்ஜ், எத்தனை வருட சர்வீஸ் என்று முதலாளி கேட்பது, ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்று தொலைபேசியில் அலையவிடும் சர்வீஸ். கூட்டம் விசிறிக்கொண்டது. ஆனால் முதல் வரிசையில் ராக்காயியின் கைகள் நடுங்குவதைச் சேவுகன் கண்டார். முகமெல்லாம் வியர்வை. கண்கள் கலங்கி எங்கோ பார்த்தன.

ஒரு மாத உழைப்பு வீண்போகவில்லை என்று அவர் நெஞ்சு நிறைந்தது. விட்டுவிடலாம் என்று நினைத்திருந்த ராணுவ சர்வீஸையும் சேர்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, ராக்காயியை நோக்கியே பேசினார். ராக்காயியின் தலை மெல்ல மாலைக்குள் சாய்ந்தது. சேவுகன் ஒரு கணம் பேச்சை நிறுத்தி, அந்த உருக்கத்துக்கு இடம் கொடுத்தார்.

கணவரோடு வந்திருந்த நாச்சியம்மையும் அதைப் பார்த்தார். அந்த உரையை வீட்டில் கேட்டவர்; அது யாரையும் அழவைக்காது என்பது அவருக்குத் தெரியும். அம்மன் அன்று அவர் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். எழுந்து அடுப்படிக்கு நடந்தார். புனிதா சொன்னதைப் பாதி கேட்டதுமே சிவப்புச் சர்பத்தான சிராப்பை ஒரு குவளை மொண்டுகொண்டு, கூட்டத்தின் நடுவே, பேசுகிற கணவரின் நேர் எதிரே வந்தார்.

"நிப்பாட்டுங்க. அவுகளுக்குச் சீனி இறங்கிருச்சு."

அது ஒலிபெருக்கியிலும் கேட்டது. சேவுகன் காகிதத்தைப் பார்த்தார். 'இனி வேருக்கு வருவோம்' என்ற வரியில் அவர் விரல் இருந்தது. மறு நிமிடம் மேடையிலிருந்து இறங்கி, ராக்காயியின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். நாச்சியம்மை சிராப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். சேவுகனின் வேட்டியெல்லாம் சிவப்பாகச் சிந்தியது. நிறம் திரும்பியதும் ராக்காயி முதலில் பார்த்தது அந்த வேட்டியைத்தான். "ஐயோ, கறை போவாதே" என்றார்.

தீர்மானத்தை யாரும் நினைக்கவில்லை. இலை விழுந்தது. ராக்காயியின் இலையில் சேவுகனே சோறு வைத்தார். பழக்கமில்லாத கை, குழம்பு இலைக்கு வெளியேதான் அதிகம் போனது.

சாப்பிட்டவர்கள் மிச்சத்தைப் புங்குஸ் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். சேவுகன் ஈப்போவுக்குத் திரும்ப வேண்டிய வேன் ஹாரன் அடித்தது. ராக்காயி மட்டும் நாற்காலியை மேடைப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கெளம்பலையாம்மா?" என்றார் சேவுகன்.

"நீங்கதான் இன்னும் முடிக்கலையேங்கய்யா. பாவம், அவ்வளவு எழுதிட்டு வந்தீங்க. வேன் நிக்கும்லா, சொல்லுங்க."

சேவுகன் காகிதத்தைப் பிரித்தார். நாச்சியம்மை பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவரை ஒரு தரம் பார்த்துவிட்டு சேவுகன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். வேரை முதலிலேயே சொன்னார்.

"லத்தீன்ல அடிமைன்னு அர்த்தம்மா. அவ்வளவுதான்."

ராக்காயி கழுவிய கையின் ஈரம் காயாமலேயே கைதட்டினார்.